உதவி தேவை: 'த்ராபிங்' வலியை 'துடிக்கும் வலி' என்று எழுதினால் தப்பாகப் புரிகிறது

பெயர்ப்புமேசை:
வணக்கம். வலி மருத்துவப் பிரிவு ஒன்றுக்காக மூன்று கோப்புகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மெக்கில் வலி வினாத்தாள் (நோயாளி தன் வலிக்குப் பொருந்தும் சொற்களைத் தேர்ந்தெடுப்பது; அனுமதி வாங்கியாயிற்று), பல்ஸ் ஆக்சிமீட்டர் கையேடு, உணவுப் பட்டியல். மூன்றிலும் ஒரே சொல் குடும்பத்தில்தான் சிக்கல்.

வினாத்தாளின் முதல் தொகுதியில் ஆறு சொற்கள்: ஃப்ளிக்கரிங், குவிவரிங், பல்சிங், த்ராபிங், பீட்டிங், பவுண்டிங். கடைசி நான்குக்கும் என்னிடம் இருப்பது 'துடிப்பு' ஒன்றுதான். 'துடிக்கும் வலி' என்று எழுதி ஆறு பேரிடம் வாசிக்கக் கொடுத்ததில் நான்கு பேர் 'வலி தாங்காமல் துடிப்பது' என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து, மொழிபெயர்ப்பு மென்பொருளின் சொற்கோவையில் பல்ஸ் = நாடித்துடிப்பு என்று சேர்த்திருந்தேன். உணவுப் பட்டியலில் பருப்பைக் குறிக்கும் பல்ஸும் 'நாடித்துடிப்புகள் 30 கிராம், இரவே ஊறவைக்கவும்' என்று வந்து நிற்கிறது. கையேட்டில் வரும் பல்ஸை 'இதயத் துடிப்பு' என்று எழுதலாமா என்பது மூன்றாவது சந்தேகம்.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று யாராவது சொன்னால் எதை எங்கே வைப்பது என்பது தெளியும்.

வேர்ச்சொல்:
முதலில் பருப்பைப் பிரித்துவிடுவோம். ஆங்கிலத்தில் பல்ஸ் என்பது ஒரே எழுத்துக்கூட்டல் கொண்ட இரண்டு சொற்கள், உறவே கிடையாது.

நாடியைக் குறிக்கும் பல்ஸ், லத்தீன் 'பெல்லேரே' என்ற வினையிலிருந்து வந்தது. தள்ளு, அடி, விரட்டு என்று பொருள். அதன் எச்ச வடிவம் 'புல்சுஸ்'. பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. இம்பல்ஸ், எக்ஸ்பெல், ரிபெல், ப்ரொப்பெல்லர் எல்லாம் அதே குடும்பம். ஆக, பல்ஸின் அடிப்பொருள் 'உந்துதல்'. வெளியிலிருந்து விரல் வைத்து எண்ணக்கூடிய அடி அது.

பருப்பு பல்ஸ், லத்தீன் 'புல்ஸ்' என்ற கூழிலிருந்து வந்தது. ரொட்டி பரவலாவதற்கு முன் ரோமானியரின் அன்றாடச் சாப்பாடு அந்த மாவுக் கூழ்தான். அதன் பன்மை 'புல்டேஸ்', கட்டியின் மேல் சூடாக வைத்துக் கட்டும் மாவுப்பற்றுக்கான 'போல்டிஸ்' என்ற சொல்லாயிற்று. உங்கள் கோப்புகளில் அதுவும் வந்தால் திகைக்காதீர்கள்.

த்ராப் லத்தீனே இல்லை. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் திடீரென்று தலைகாட்டுகிறது; 'பியர்ஸ் பிளவ்மேன்' கவிதையில் இருக்கிறது. டச்சிலோ ஜெர்மனிலோ உறுதியான உறவுச்சொல் கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டு அகராதிக்காரர் ஸ்கீட், நடுக்கத்தைக் குறிக்கும் லத்தீன் 'ட்ரெபிடுஸ்' உடன் அதை முடிச்சுப் போட்டுப் பார்த்தார். பின்வந்த அகராதிகள் பெரும்பாலும் ஒலிக்குறிப்பு என்ற பக்கமே சாய்கின்றன. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ரத்தம் 'த்ரப் த்ரப்' என்று அடிப்பதைக் காதால் கேட்டுச் செய்த சொல்.

அப்படியானால் தமிழிலும் காதால் செய்த சொல்தானே வேண்டும்? அது கைவசம் இருக்கிறது: விண்விண். "இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்து இசையா" என்று தொல்காப்பியம் சொல்லும் வகை. 'விண்விண் என்று தெறிக்கும் வலி' என்று எழுதிப் பாருங்கள்.

வலிப்பிரிவு செவிலி:
வேர்ச்சொல் ஐயா சொன்னது சரி. வார்டில் யாரும் 'வலி துடிக்குது' என்று சொல்வதில்லை. 'விண்ணு விண்ணுன்னு தெறிக்குது' என்றுதான் வரும். சீழ் வைத்த பல், நகச்சுத்தி, பழுத்த கட்டி, ஒற்றைத் தலைவலி, இந்த நாலுக்கும் அதே வாசகம். நகச்சுத்தி வந்த விரலைத் தொங்கவிட்டால் தெறிப்பு கூடும், நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தால் தணியும். கேட்டுச் சரிபார்க்க இது நல்ல வழி.

மொழிபெயர்ப்பாளர்கள் செய்யும் இன்னொரு தவறு, கையில் கிடைத்த ஒலிக்குறிப்பையெல்லாம் முதல் தொகுதியிலேயே இறக்கிவிடுவது. மெக்கில் வினாத்தாளில் 20 தொகுதிகள், 78 சொற்கள். முதல் தொகுதி நேரத்தோடு ஏறி இறங்கும் வலிக்கு மட்டும். 'சுளீர்' இரண்டாம் தொகுதிக்கு வேண்டும். அங்கேதான் பாயும் வலி இருக்கிறது. 'சுருக்', 'குடைச்சல்' மூன்றாம் தொகுதிக்கு. 'எரிச்சல்', 'காந்தல்' ஏழாம் தொகுதிக்கு. இப்போதே செலவழித்துவிட்டால் பிறகு கடன் வாங்க வேண்டியிருக்கும்.

இந்த ஒரு சொல்லில் ஏன் இவ்வளவு கறார் என்றால், நோயறிதலே இதில் தொங்குகிறது. சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பில், ஆரா (கண்ணில் ஒளி தெரிவது போன்ற அறிகுறி) இல்லாத ஒற்றைத் தலைவலிக்கு நான்கு இயல்புகளில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்: ஒரு பக்கமாக வருவது, தெறிப்பது, மிதமாகவோ கடுமையாகவோ இருப்பது, நடந்தால் படியேறினால் கூடுவது. இறுக்கத் தலைவலியோ தெறிக்காது. பட்டை போட்டுக் கட்டியதுபோல அழுத்தும். 'துடிக்கும் வலியா?' என்று கேட்டால் இறுக்கத் தலைவலிக்காரரும் 'ஆமாம், துடிச்சுப் போயிடுறேன்' என்பார். இரண்டும் ஒன்றாகிவிடும்.

பெயர்ப்புமேசை:
நன்றி அக்கா. த்ராபிங் = 'நாடி அடிப்பதற்கு ஏற்றாற்போல் விண்விண் என்று தெறிப்பது' என்று விளக்கமும் சேர்க்கலாமா?

வலிப்பிரிவு செவிலி:
வேண்டாம். தெறிக்கும் பல்வலி உள்ளவர்களிடம் 2012இல் அமெரிக்காவில் செய்த ஆய்வொன்றில், அவர்கள் உணர்ந்த தெறிப்பையும் நாடியையும் தனித்தனியே பதிவு செய்தார்கள். தெறிப்பு சராசரியாக நிமிடத்துக்கு 44, நாடி 73. இரண்டும் ஒத்துப்போகவில்லை. நாடியோடு கட்டிப்போட்டால், மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பார்த்து 'ஒத்துப்போகலையே' என்று சரியான விடையையே அடித்துவிடுவார்கள். நாடி என்ற சொல் பல்சிங் வரியோடு நிற்கட்டும்.

வல்லைவெளி:
இலங்கைப் பக்கமும் இது பாவிக்கப்படும் எண்டால் ரெண்டு விசயம் பாருங்கோ தம்பி.

எங்களுக்குத் தலைவலி இல்லை, தலையிடி. 'வலி' எண்ட சொல் எழுத்தில விளங்கும், ஆனா வாயில வாறது 'நோ', 'நோகுது' தான். 'விண் விண்ணெண்டு இடிக்குது' எண்டு சொல்லுவினம், அதால உங்கட விண்விண் இஞ்சையும் செல்லும்.

மற்றது, எங்களுக்கு நாடி எண்டால் முகவாய்க்கட்டை. நாடியில கை வைச்சுக்கொண்டு இருக்காதை எண்டு பிள்ளைகளை ஏசுறது அதைத்தான். கையேட்டில 'நாடியில் விரலை வைத்து 60 விநாடி எண்ணவும்' எண்டு எழுதினால் ஆள் தாடையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கும்.

வேர்ச்சொல்:
நெல்லை, மதுரைப் பக்கமும் நாடி என்றால் மோவாய்தான். ஆகவே 'மணிக்கட்டில் நாடித்துடிப்பை' என்று இடத்தையும் சேர்த்தே எழுதுங்கள். தனியே 'நாடி பார்க்கவும்' என்று விட்டால் இன்னொரு திசையிலும் இழுக்கும். சித்த மருத்துவத்தில் மூன்று விரல் வைத்து வாத, பித்த, கபத்தை 1, அரை, கால் என்ற மாத்திரைக் கணக்கில் பார்ப்பதற்கும் அதே பெயர். அது எண்ணிக்கை அல்ல, நடை.

வல்லைவெளி சொன்ன தலையிடியில் உங்கள் ஆறாவது சொல்லுக்கும் விடை இருக்கிறது. பவுண்ட் என்பது பழைய ஆங்கிலத்தில் உரலில் போட்டு நொறுக்குவது. நம் 'இடி'யும் உலக்கை வேலைதான்: மாவிடி, மிளகாய் இடி. மண்டைக்குள் உலக்கை விழுவதை இரண்டு மொழியும் ஒரே மாதிரி பிடித்திருக்கின்றன. பவுண்டிங் = 'இடிப்பதுபோல்'. ஐந்தாவது பீட்டிங், 'அடிப்பதுபோல்'. மூன்றாவது பல்சிங், 'நாடி ஓடுவதுபோல்'. இரண்டாவது குவிவரிங்குக்கு "அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்" என்ற நூற்பாவிலிருந்து விதிர்ப்பை எடுக்க ஆசைதான், ஆனால் வார்டில் செல்லாது, 'நடுங்குவதுபோல்' போதும். ஃப்ளிக்கரிங் தீபத்துக்கான சொல். 'மினுக்கென்று வந்து போவது' என்று தொடங்கிப் பாருங்கள், சோதனையில் தேறுமா தெரியாது.

துடியைத் தூக்கிப் போடுகிறோமே என்று வருத்தப்படுபவர்களுக்காக ஒரு வரி. துடி என்பது பறைவகை. புறநானூற்று 335ஆம் பாட்டில் பாணனுக்கும் பறையனுக்கும் முன்னால் துடியன் நிற்கிறான். தோலில் விழும் அடியும் உடலில் எழும் அடியும் தமிழில் ஒரே ஒலி. ஆனால் அந்தச் சொல் இன்றைக்குக் கண்ணிமை துடிப்பது, உயிர் துடிப்பது, பார்க்கத் துடிப்பது, துடிப்பான பையன் என்று எங்கெங்கோ போய்விட்டது. வலியின் பக்கத்தில் அதை வைத்தால் துடிப்பது வலியா ஆளா என்று தெரிவதில்லை. உங்கள் ஆறு பேரில் நான்கு பேர் தடுமாறியது இதனால்தான்.

சோதனை பற்றியும் ஒன்று. மூலம் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கும் முறையை நம்பி உட்காராதீர்கள். 'துடிக்கும் வலி'யைக் கொடுத்தாலும் இருமொழி தெரிந்தவர் அதை அழகாகத் த்ராபிங் என்றே திருப்பித் தருவார், ஏனென்றால் அவர் மனத்தில் ஓடுவது ஆங்கிலம். தமிழ் மட்டும் தெரிந்த 5 முதல் 8 பேரிடம் ஆறு சீட்டுகளையும் கலைத்துக் கொடுங்கள். இலேசானதிலிருந்து கடுமையானது வரை அடுக்கச் சொல்லுங்கள். வினாத்தாளில் வரிசை எண்தான் மதிப்பெண், 1 முதல் 6 வரை. அடுக்கு மாறினால் கூட்டுத்தொகையே மாறும். அடுக்கியபின் ஒவ்வொரு சீட்டுக்கும் 'இது எந்த நோவுக்கு வரும்?' என்று கேட்டு அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

சொற்கோவைப் பட்டறை:
பருப்பு விவகாரத்துக்கு வருகிறேன். பிழை மென்பொருளில் இல்லை, பதிவு போட்ட விதத்தில். ஒரு சொல்லுக்கு ஒரு வரி என்று போட்டால் அது எல்லா இடத்திலும் அதையே ஒட்டும். பல்ஸுக்கு மூன்று தனிப் பதிவுகள் போடுங்கள்: துறை 'மருத்துவம்', இலக்கு நாடித்துடிப்பு, துறை 'உணவு', இலக்கு பயறு வகைகள், துறை 'மின்னணு', இலக்கு துடிப்பலை. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் துறை வடிகட்டியை மட்டும் திறந்து வையுங்கள். சொல்லடிப் பொருத்தத்தை (ஒரு சொல்லின் பன்மை முதலிய வடிவங்களையும் அதே பதிவில் பிடிப்பதை) இந்தச் சொல்லுக்கு அணைத்துவிட்டுப் பன்மையைத் தனியே சேர்த்தால், பன்மை கிட்டத்தட்ட எப்போதும் பயறுதான். மொழிபெயர்ப்பு நினைவகத்தில் ஏற்கெனவே தவறாகச் சேமித்த வாக்கியத்தையும் தேடி அழியுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கோப்பில் நூறு விழுக்காடு பொருத்தம் என்று பச்சை காட்டி மறுபடி வந்து உட்காரும்.

'பருப்பு' என்று போடாமல் 'பயறு வகைகள்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உலக உணவு, வேளாண்மை அமைப்பின் கணக்கில் பல்ஸ் என்றால் உலர்ந்த மணி மட்டும்: துவரை, உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை. பச்சைப் பட்டாணி காய்கறியில் சேரும், நிலக்கடலையும் சோயாவும் எண்ணெய் வித்தில் சேரும். தோல் நீக்கி உடைத்ததுதான் நமக்குப் பருப்பு.

மிக்ஸி கையேட்டில் வரும் பல்ஸ் நாலாவது ரகம். அங்கே பெயர்ச்சொல் தேடாதீர்கள். 'குமிழை இடப்பக்கம் திருப்பி 2, 3 விநாடி விட்டு விட்டு ஓட்டவும்' என்று செயலை எழுதிவிடுங்கள்.

வலிப்பிரிவு செவிலி:
ஆக்சிமீட்டருக்கு 'இதயத் துடிப்பு' வேண்டாம். அந்தக் கருவி இதயத்தைப் பார்க்கவில்லை. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, தமனியில் ரத்தம் வந்து போகும் அலையை மட்டும் பிரித்தெடுக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு) உள்ளவருக்கு ஈசிஜியில் 110 காட்டும்போது விரலில் 90 காட்டலாம், ஏனென்றால் பலவீனமான அடிகள் விரல்வரை வந்து சேர்வதில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் போட்டால் வீட்டில் இருப்பவர் ஏதோ ஒரு கருவி கெட்டுவிட்டது என்பார். ஆக்சிமீட்டரில் 'நாடித்துடிப்பு, நிமிடத்துக்கு'. ஈசிஜியில் 'இதயத் துடிப்பு'. பால்பிட்டேஷன் வந்தால் 'நெஞ்சு படபடப்பு' என்று நெஞ்சையும் சேருங்கள். வெறும் படபடப்பு என்றால் பசி மயக்கம், பயம், சர்க்கரை இறங்கியது எல்லாம் அதில் அடங்கும்.

பெயர்ப்புமேசை:
தமிழ் மட்டும் தெரிந்த எட்டுப் பேரிடம் சீட்டு வைத்துப் பார்த்தேன். நடுங்குவது, நாடி ஓடுவது, விண்விண், அடிப்பது, இடிப்பது, இந்த ஐந்தும் ஏழு பேருக்குச் சரியான வரிசையில் வந்தன. விண்விண்ணுக்கு ஐந்து பேர் பல்வலி, இருவர் நகச்சுத்தி என்றார்கள். 'மினுக்கென்று வந்து போவது' மட்டும் தேறவில்லை. மூன்று பேர் கண்ணில் மின்னல் தெரிவது என்று எடுத்துக்கொண்டார்கள்.

வலிப்பிரிவு செவிலி:
ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குக் கண்ணில் மின்னல் உண்மையாகவே தெரியும், ஆகவே அந்தச் சொல் ஆபத்து. ஒளியை விட்டுவிட்டு 'விட்டு விட்டு லேசாக எட்டிப் பார்ப்பது' என்று மாற்றி, அந்த மூன்று பேரை விட்டுப் புதிதாக ஐந்து பேரிடம் ஆறு சீட்டையும் மறுபடி கொடுங்கள். ஒன்றை மட்டும் தனியே கொடுத்தால் அடுக்கு தெரியாது.