மேனேஜர் 'ஆல் இயர்ஸ்'னு சொன்னா என்ன அர்த்தம்?

*நம்ம குடும்பம் (வாட்ஸ்அப் குழு)*

கவிதா: பெரியப்பா, ஒரு சந்தேகம். இன்னிக்கு வீடியோ மீட்டிங்ல "ஒரு யோசனை இருக்கு"ன்னு இழுத்தேன். லண்டன் மேனேஜர் உடனே "ஐ ஆம் ஆல் இயர்ஸ்"னாரு. பாராட்டா, நக்கலா?

ரமேஷ் மாமா: உடம்பெல்லாம் காதுன்னு அர்த்தமா வருதே?

பெரியப்பா: சொன்னப்ப அவர் குரல் எப்படிம்மா இருந்துச்சு?

கவிதா: டைப் பண்றதை நிறுத்திட்டு ஸ்க்ரீனையே பாத்தாரு.

பெரியப்பா: அப்ப உண்மையாவே கேக்கத் தயாரா இருந்திருக்காரு. "சொல்லு, என் கவனம் முழுக்க உன்கிட்டதான்"னு அர்த்தம். சலிப்பான குரல்ல சொன்னா குத்தலாவும் மாறும். இது அப்படி இல்ல. நீ என்ன சொன்னே?

கவிதா: அப்புறம் மெயில்ல அனுப்பறேன்னுட்டேன்.

பெரியப்பா: அடடா. நாளைக்கே வாயால சொல்லிடு. கேக்கறேன்னு ஒருத்தர் சொன்ன சூட்டோட பேசிடணும்.

கவிதா: கிளையண்ட்டுக்கு எழுதற மெயில்ல நானும் அதைப் போடலாமா?

பெரியப்பா: வேண்டாம். அது பழகினவங்ககிட்ட பேசறப்ப வர்ற பேச்சு. கிளையண்ட்டுக்கு "வீ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ" போதும்.

பாபு: பெரியப்பா, "லெண்ட் மீ யுவர் இயர்ஸ்"? மிஸ் கிளாஸ்ல சொன்னாங்க.

பெரியப்பா: ஷேக்ஸ்பியரோட 'ஜூலியஸ் சீசர்', 3வது அங்கம், 2வது காட்சி. சீசரைக் கொன்னாச்சு. கொன்னவங்கள்ல ஒருத்தனான புரூட்டஸ் பேசி ஜனத்தைத் தன் பக்கம் இழுத்தாச்சு. அந்தக் கூட்டத்துக்கு முன்னாடி சீசரோட நண்பன் ஆண்டனி நிக்கறான். யாரும் அவனைக் கேக்கற மனசுல இல்ல. அதனாலதான் முதல்ல காதைக் கடனாக் கேக்கறான். அவன் முடிக்கறப்ப அதே ஜனம் புரூட்டஸ் வீட்டைக் கொளுத்தக் கிளம்புது! அந்தக் காட்சியை முழுசா படிடா, அவ்வளவு அருமையா இருக்கும்.

சுதா அத்தை: அண்ணா, இங்கிலாந்து பார்லிமென்ட்ல "இயர் இயர்"னு கத்தறாங்களே, அதுவும் காதுதானா?

பெரியப்பா: இல்ல சுதா, அது "ஹியர், ஹியர்". அவர் சொல்றதைக் கேளுங்கங்கற "ஹியர் ஹிம்"ல இருந்து வந்தது. அந்த பார்லிமென்ட்டோட கீழ்சபையான காமன்ஸ் சபையில கைதட்டற வழக்கம் இல்ல. பேச்சு பிடிச்சிருந்தா இப்படித்தான் ஆமோதிப்பாங்க.

கவிதா: அப்ப மேனேஜர் "ஐ ஹியர் யூ"ன்னாலும் ஒத்துக்கிட்டாருன்னு வெச்சுக்கலாமா?

பெரியப்பா: அங்கதாம்மா ஜாக்கிரதை. நீ சொல்றது புரியுது, அவ்வளவுதான். பின்னாடியே ஒரு "பட்" வந்தாலும் வரும். அதை நம்பி வேலையை ஆரம்பிச்சிடாதே. "ஷல் ஐ கோ அஹெட்?"னு கேட்டு, தெளிவா ஒரு "யெஸ்" வாங்கிக்கோ.

ரமேஷ் மாமா: மச்சான், "இயர் டு தி கிரவுண்ட்"?

பெரியப்பா: அது வேற மாப்ளே. ஒருத்தர் பேச்சைக் கேக்கறது இல்ல. ஊர்ல, ஆபீஸ்ல என்ன பேசிக்கறாங்கன்னு காதைத் தீட்டிக்கிட்டு இருக்கறது.

கவிதா: நாளைக்கு 11 மணிக்கு மீட்டிங் பெரியப்பா. யோசனையை இங்கிலீஷ்ல ஒரு தடவை உங்ககிட்ட சொல்லிப் பாக்கட்டுமா?

பெரியப்பா: இப்பவே போன் பண்ணும்மா. பெரியம்மாவும் பக்கத்துலதான் இருக்கா.