பச்சிலை படிக்கப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பால்மரத்துப் பையன்

மலேசியாவில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுகிற பழைய ரோடு எல்லாருக்கும் தெரியும். லாத்தா இஸ்கண்டார் அருவிப் பக்கம் செமாய் என்ற பூர்வகுடி மக்கள் பெட்டாய் அவரை, தேன், தொங்காட் அலி மூலிகை வேர் எல்லாம் வைத்து விற்பார்கள். அந்த ரோட்டில் ஒரு கம்போங், சின்ன கிராமம், பெயர் வேண்டாம். 1996-ல் அங்கே ஒரு தோக்கிடம், அதாவது வயதான பெரியவரிடம், பச்சிலை படிக்கப் போனேன். எனக்கு 22 வயது. எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்மரங்களைச் சாய்த்து எண்ணெய்ச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள், அப்பாவுக்கு வேலை போய்விட்டது, அம்மா மட்டும் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியம் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுத்தான் போனேன்.

தோக் ஒரு ஹாலாக், பாட்டுப் பாடி நோய் பார்க்கிற செமாய் வைத்தியர். நம் ஆட்கள் எல்லாரையும் போமோ, அதாவது மலாய் மந்திர வைத்தியர், என்றே சொல்லிவிடுவார்கள், அது வேறு இது வேறு. இரவில் தீயை அணைத்துவிட்டு இருட்டில் பாடுவார். பெண்கள் மூங்கில் குழாயைக் கட்டையில் இடித்துத் தாளம் போட்டபடி அவர் பாடுகிற ஒவ்வொரு வரியையும் வாங்கிப் பாடுவார்கள். நான் போனதோ பாட்டுக்கு இல்லை, இலைக்கு. 555 நோட்டு ஒன்று வைத்திருந்தேன், பார்க்கிற இலையை எல்லாம் அதில் ஒட்டி, எந்த நோய்க்கு என்று பக்கத்தில் எழுதிவிடுவேன். தோக் அதைத் தடுக்கவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்: "சுடா மிம்பி?" கனவு வந்ததா என்று. கனவில் யாராவது வந்து பாட்டுக் கொடுக்க வேண்டும், அந்தப் பாட்டோடுதான் மருந்து வரும். பாட்டு வராதவன் இலை பறிக்கலாம், விறகு சுமக்கலாம், அவ்வளவுதான்.

எட்டு மாதம் எனக்கு ஒன்றும் வரவில்லை. வந்த கனவெல்லாம் அப்பாவின் கடன் பற்றித்தான். ஒரு நாள் காலையில், மழை, துணியெல்லாம் ஈரம், மனசு விட்டுப்போயிருந்தது, ஆமாம் கண்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு பெண் மரத்தடியில் நின்றாள் என்று பொய் சொன்னேன். "லாகு அப்பா?" என்றார். என்ன பாட்டு? என்னிடம் ஏது பாட்டு. அம்மா ஆயாக் கொட்டகையில் தொட்டிலை ஆட்டிக்கொண்டே முனகுகிற தாலாட்டு மெட்டு வாயில் வந்தது, வார்த்தை இல்லாமல் அதையே முனகினேன். தோக் பிரம்பு சீவிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "லாகி" என்றார். மறுபடி பாடினேன். மூன்றாவது தடவை பாடும்போது அடுப்படியில் இருந்த பாட்டி திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்கு மதியமே என்னை ஆற்றோரம் மேலே கூட்டிப்போய், அதுவரை காட்டாத ஒரு செடியைக் காட்டினார். இலைக்கு அடிப்பக்கம் ஊதா, நசுக்கினால் பச்சை மாங்காய் வாசனை. என் கட்டைவிரலைப் பிடித்து அந்த இலையில் வைத்து அவரே தேய்த்தார். அந்த விரலைப் பார்த்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

சுங்காய் பேத்தி

அண்ணா, நான் கற்றது செமாய் மக்களிடம் இல்லை, எங்கள் அப்பாயியிடம். லயத்தில் பிரசவம் பார்த்தவர். வாய்க்கால் ஓரத்தில் வளர்கிற கீழாநெல்லிதான் முதல் பாடம். இலையைத் திருப்பினால் கடுகு மாதிரி காய் வரிசையாகத் தொங்கும். தண்டு சிவந்து காய் சொரசொரப்பாக இருந்தால் அது வேறு செடி, தொடாதே என்பார். மலாய்க்காரர்கள் துக்கோங் அனாக் என்பதும் இதைத்தான், பிள்ளையை முதுகில் சுமக்கிற செடி, எவ்வளவு பொருத்தமான பெயர். நிலவேம்பை ஹெம்பெடு பூமி என்பார்கள், பூமியின் பித்தம்.

அப்பாயி தெலுக் இந்தானில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் தம்பிக்குக் காய்ச்சல், கண் மஞ்சள். எனக்கு 17 வயது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. கீழாநெல்லியை மோரில் அரைத்து மூன்று நாள் கொடுத்தேன். நாலாம் நாள் அப்பாயி வந்தார். வந்ததும் கண்ணைப் பார்க்கவில்லை, அவன் கெண்டைக்காலைப் பிடித்து ஒரு அமுக்கு. அவன் போட்ட அலறல் அடுத்த லயத்துக்குக் கேட்டது. அம்மியில் அரைத்து வைத்திருந்ததை அப்படியே வழித்து வெளியே வீசிவிட்டு, "தூக்குங்கடா ஆஸ்பத்திரிக்கு" என்றார். எலிக்காய்ச்சல். சிறுநீரகம் வரை போய்விட்டது, டயாலிசிஸ் வைத்துத்தான் பிழைத்தான்.

தம்பிக்கு இப்போது மூன்று பிள்ளைகள், நன்றாக இருக்கிறான். அப்பாயி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சாகும்வரை ஒரு செடியும் சொல்லித் தரவில்லை. கேட்டால் "அப்புறம்" என்பார்.

பழைய டிரெசர்

தம்பி, வயதில் பெரியவனாகச் சொல்கிறேன், பொய் சொல்லி வாங்கிய மருந்தை யாருக்கும் கொடுக்காதே. கொடுத்திருந்தால் நிறுத்து. நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் 31 வருடம் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தவன், ஒரு பூர்வகுடி வைத்தியர் என்னிடமே தலைவலி மாத்திரை வாங்கிப் போவார், நாங்கள் நல்ல சிநேகிதம். என் அனுபவம் அவ்வளவுதான், ஆனால் இங்கே படிக்கிற பிள்ளைகளுக்குச் சிலது சொல்ல வேண்டும்.

அந்தத் தங்கச்சி சொன்னது எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீர், சேறு, காலில் ஒரு சின்னக் காயம், அது போதும். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமே இல்லை. காய்ச்சலோடு கண் சிவந்து கெண்டைக்கால் வலித்தால் மஞ்சள் வரும்வரை காத்திருக்காதீர்கள். மஞ்சள் என்றாலே கல்லீரல், கீழாநெல்லி என்று முடிவு கட்டுவது நம்மிடம் ஊறிப்போன தப்பு. பிறந்த குழந்தை மஞ்சளாக இருந்தால் எந்தப் பச்சிலையும் வேண்டாம். நம் நாட்டில் தொப்புள்கொடி ரத்தத்திலேயே ஜி6பிடி என்ற ரத்த அணு நொதியின் குறைபாடு பார்க்கிறார்கள், அது உள்ள பிள்ளைக்கு மருதாணி வைத்தாலும் துணிப் பெட்டியில் அந்துருண்டை போட்டாலும் ரத்த அணு உடையலாம். எத்தனை பாட்டிமார்களிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியிருக்கிறேன். பாம்பு கடித்தால் சிறியாநங்கையை மெல்லாதே, இறுக்கிக் கட்டாதே, கீறாதே, கையோ காலோ அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. நாகத்தின் விஷத்துக்கு இலை கசக்கிறதா இனிக்கிறதா என்று தெரியாது.

கடையில் தொங்காட் அலி மருந்து வாங்குகிறவர்கள் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். எம்ஏஎல் என்று தொடங்கி டி எழுத்தில் முடிகிற பதிவு எண்ணும், மினுங்குகிற ஸ்டிக்கரும் உள்ள மருந்துதான் பதிவானது. பதிவில்லாத சரக்கில் ஆண்மை மாத்திரையைக் கலந்து விற்றுப் பிடிபட்டிருக்கிறார்கள், நெஞ்சு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் குடித்தால் பிரஷர் இறங்கி ஆளே விழுந்துவிடுவான். வைத்தியம் பார்க்கிறவர்களுக்கும் 2016-ல் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் வந்துவிட்டது. யாரிடம் போகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

பீடோர்காரன்

டிரெசர் ஐயா, நீங்கள் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை, ஆனால் அவர் கேட்டது அது இல்லை. மனசில் கிடப்பதைச் சொல்லி யாருக்காவது இப்படி நடந்ததா என்று கேட்கிறார், நீங்கள் பொட்டலத்தைத் திருப்பச் சொல்கிறீர்கள். அப்புறம் இன்னொன்று, அவர் வாங்கினது மருந்து என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? யாருக்கும் கொடுத்ததாக அவர் எழுதவே இல்லையே.

என் கதை சின்னது. ஒரு செமாய் அக்காவிடம் காடோங் கிழங்கு பக்குவம் கற்றேன். அப்படியே தின்றால் ஆளை அடித்துவிடும் கிழங்கு. சீவி, கூடையில் கட்டி, ஓடுகிற ஆற்றில் நாள் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். எத்தனை நாள் என்று கேட்டேன், அக்கா பதில் சொல்லவில்லை. தினமும் போய்க் கூடையைத் தூக்கி, தண்ணீரை வடித்து, ஒரு சீவலை விரலால் பிதுக்கி முகர்ந்துவிட்டு மறுபடி உள்ளே விடுவார். ஒரு நாள் கூடையை என்னிடம் நீட்டினார். நானும் பிதுக்கி முகர்ந்துவிட்டு, போதும் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டு, கூடையை வாங்கித் திரும்ப ஆற்றில் விட்டார். அன்றைக்கு அவர் வீட்டில் நாலு பிள்ளைகள் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். நான் சொன்னதைக் கேட்டு அவர் சமைத்திருந்தால்? அதை நினைத்தால் எனக்கு இப்போதும் தூக்கம் கெடும்.

பால்மரத்துப் பையன்

டிரெசர் ஐயாவுக்கு: யாருக்கும் கொடுத்ததில்லை. அந்தச் செடியின் பெயரை நோட்டில்கூட எழுதவில்லை. பேத்தி தங்கச்சி, உங்கள் அப்பாயியின் "அப்புறம்" என்னை ரொம்ப உலுக்கிவிட்டது, இரண்டு தடவை படித்தேன்.

முழுசையும் நான் எழுதவில்லை, இப்போது எழுதிவிடுகிறேன். நான் பொய் சொல்லி இரண்டு வாரம் கழித்து, கம்போங்கில் ஒரு பெண் பிள்ளைக்கு விடாத காய்ச்சல். தோக் இரவில் பாடினார். தீ அணைந்தது, மூங்கில் சத்தம் ஆரம்பித்தது, முதலில் அவருடைய பாட்டுகள் இரண்டு. மூன்றாவதாக வந்தது எங்கள் அம்மாவின் தாலாட்டு. அவர் இழுத்து இழுத்துப் பாட, இருட்டில் பத்துப் பெண்கள் அதையே வாங்கிப் பாடினார்கள். அந்த மெட்டில் நான் தூங்கியிருக்கிறேன், என் தங்கை தூங்கியிருக்கிறாள், தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் தூங்கியிருக்கிறார்கள். நான் சுவரோரமாக உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். விடிந்ததும் தோக்கே அந்தப் பிள்ளையை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றி, தாயையும் பின்னால் உட்காரவைத்து, கீழே கிளினிக்குக்குப் போ என்றார். பிள்ளை தேறிவிட்டாள். எதனால் என்று நான் பேசப்போவதில்லை. அந்த வாரமே தாமானில், வீடமைப்புப் பகுதியில், ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தோக் இறந்தது கூட ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

போன துரியான் பருவத்தில் அந்தப் பக்கம் போனேன். தோக்கின் சின்ன மகள் ரோட்டோரம் பெட்டாய் விற்றுக்கொண்டிருந்தார், மடியில் பேரப்பிள்ளை. என்னை அடையாளம் தெரியவில்லை. நான் பெட்டாய்க் கட்டைப் பார்த்துக்கொண்டே நிற்க, அவர் பிள்ளையின் முதுகைத் தட்டித் தட்டி அதே மெட்டை முனகினார். இடையில் ஒரு வளைவு மட்டும் மாறியிருந்தது, அம்மா இறக்குகிற இடத்தில் இவர் ஏற்றுகிறார். பத்து வெள்ளி கொடுத்து மூன்று கட்டு வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேன்.

அவரிடம் போய்ச் சொல்லட்டுமா, இது எங்கள் அம்மாவின் பாட்டு, உங்கள் அப்பாவிடம் நான் பொய் சொன்னேன் என்று? அம்மாவும் இப்போது இல்லை. செமாய் மக்களோடு பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.