சிஸ்டர் ஒருவர் சட்டமன்றத் தேர்தலில் நின்றால்: வேலூர்ப் பக்கத்து அனுபவப் பகிர்வு

கேள்வி: எங்கள் தொகுதியில் அரசு ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒருவர் சட்டமன்றத்துக்கு நிற்க முடிவு செய்திருக்கிறார். மனுவில் எதைக் கவனிக்க வேண்டும், எந்தக் கோரிக்கைகளை முன்வைக்கலாம்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

காட்பாடியிலிருந்து (வேட்புமனு வேலை தெரிந்தவர்):

முதல் வேலை ராஜினாமா. கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது. அது ஏற்கப்பட்டு, விடுவிப்பு ஆணை கைக்கு வந்திருக்க வேண்டும். அரசில் ஆதாயம் தரும் பதவியில் இருப்பவரை அரசமைப்புச் சட்டத்தின் 191-ஆவது பிரிவு தடுக்கிறது. மனுப் பரிசீலனை நாளில் தகுதி இருக்கிறதா என்றுதான் தேர்தல் நடத்தும் அலுவலர் பார்ப்பார். தொகுப்பூதியத்தில் (மாதம் இவ்வளவு என்ற ஒரே தொகையில்) இருப்பவர்களும் ‘நாம நிரந்தரம் இல்லையே’ என்று இருந்துவிட வேண்டாம்.

அடுத்தது படிவம் 26, அதாவது பிரமாணப் பத்திரம். நர்ஸ்கள் அதிகம் சறுக்குவது குவார்ட்டர்ஸ் விஷயத்தில். கடந்த 10 ஆண்டுகளில் அரசுக் குடியிருப்பில் இருந்திருந்தால் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி பாக்கி இல்லை என்ற சான்று இணைக்க வேண்டும். மூன்று நான்கு இடங்களுக்கு மாற்றலாகி வந்தவர் ஒவ்வோர் இடத்திலும் சான்று வாங்க வேண்டும் என்பதால் இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். எந்தக் கட்டத்தையும் வெற்றாக விடாதீர்கள். ‘இல்லை’, ‘பொருந்தாது’ என்று எழுதுங்கள். வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனு தள்ளுபடிதான்.

சுயேச்சை என்றால் 10 பேர் முன்மொழிய வேண்டும். பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். வேலூர், காட்பாடி, அணைக்கட்டு தொகுதிகள் ஒட்டிக்கொண்டு இருப்பதால், பக்கத்துத் தெருக்காரர் வேறு தொகுதியில் இருப்பார். பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் புதிய பட்டியலில் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வைப்புத்தொகை 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 5,000. கே.வி.குப்பமும் குடியாத்தமும் தனித்தொகுதிகள், அங்கே சாதிச் சான்றிதழ் கட்டாயம்.

தேர்தல் செலவுக்கென்றே தனி வங்கிக் கணக்கு, மனுவுக்கு ஒரு நாள் முன்பாவது திறந்திருக்க வேண்டும். செலவு உச்சவரம்பு 40 லட்சம். முடிவு வந்த 30 நாளில் கணக்குக் கொடுக்காமல் விட்டால் மூன்றாண்டு தகுதிநீக்கம் வரை போகும். 2019-இல் வாக்குக்குப் பணம் கொடுக்கும் பிரச்சினையால் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்ட்டில் தனியாக நடந்த ஊர் இது. ஆட்டோ வாடகை ரசீதைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

குடியாத்தத்திலிருந்து (செவிலியர் பணியமைப்பு அறிந்தவர்):

மனு விஷயம் மேலே வந்துவிட்டது. கோரிக்கைக்கு வருகிறேன். ‘நர்ஸ்களுக்கு நல்லது செய்வேன்’ என்று நோட்டீஸ் அடிப்பதில் பயனில்லை. எண்ணிக்கை போட்டு எழுதுங்கள்.

இந்திய நர்சிங் கவுன்சில் அளவுப்படி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 படுக்கைக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனையில் 5 படுக்கைக்கு ஒருவர், விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதல். கல்லூரி மருத்துவமனையில் 30 படுக்கை வார்டு என்றால் 10 பேர், விடுப்புக்கு 3, மொத்தம் 13. இந்தப் பத்து ஒரு ஷிப்டுக்கு இல்லை. மூன்று ஷிப்டுக்கும் சேர்த்துத்தான். அப்படியானால் ஒரு நேரத்தில் மூன்று பேர். கூட்டத்தில் பேசுகிறவர்கள் இந்த இடத்தில்தான் குழம்பி, எதிராளியிடம் மாட்டிக்கொள்கிறார்கள்.

உத்தரவில் 13 இருந்தாலும் வார்டில் ஏன் இல்லை? மகப்பேறு விடுப்பு இப்போது 12 மாதம், அது அவர்களின் உரிமை. ஆனால் அந்த ஓராண்டுக்கு மாற்று ஆள் போடாவிட்டால் பாரம் மற்றவர் தலையில் விழுகிறது. டெபுடேஷனில், அதாவது தற்காலிகமாக வேறு இடத்துக்குப் பணிக்குப் போனவரும், பழைய மருத்துவமனைக் கணக்கிலேயே இருப்பார். கடைசியில் இரவில் 30 பேருக்கு ஒரு சிஸ்டர். டிரிப் ஊசி நரம்பை விட்டு விலகிக் கை வீங்குவதைக் காலையில்தான் பார்ப்பார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டிய பிபி தவறும். இதை மக்களிடம் சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும்.

தொகுப்பூதியமும் முக்கியம். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வு எழுதி வந்தவர்கள் 7,700 ரூபாயில் சேர்ந்தார்கள். பின்னர் 14,000, 18,000 என்று உயர்ந்தது. காலமுறை ஊதியம், அதாவது நிரந்தரப் பணியாளர் வாங்கும் ஊதிய விகிதம்தான் அவர்கள் கேட்பது. 1909-இல் நர்சிங் பள்ளி, 1946-இல் பட்டப்படிப்பு என்று சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) வழிகாட்டிய ஊரிலிருந்து இந்தக் குரல் சட்டமன்றத்துக்குப் போவது எவ்வளவு பொருத்தம்!

அணைக்கட்டிலிருந்து (மலைப்பகுதி சுகாதாரப் பணி தெரிந்தவர்):

பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை மலைக்கிராம மக்களிடம் வார்டுக் கணக்கு எடுபடாது. அங்கே பாம்புக்கடியும் பிரசவமும்தான் பேச்சு. 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தையின் உடலைத் தாய் தோளில் சுமந்து நடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

சாலை கேட்பதோடு, 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் விஷமுறிவு மருந்து குறைந்தது 10 குப்பி எப்போதும் இருப்பு என்று எழுதுங்கள். தொடக்க அளவே 8 முதல் 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான். இரண்டு மூன்று குப்பி வைத்துக்கொண்டு ‘ஸ்டாக் இருக்கு’ என்பது கணக்கில் சேராது. கூடவே, ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின், கட்டுவிரியனோ நல்லபாம்போ கடித்து மூச்சு தளர்ந்தால் அம்பு பை (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை). சுத்தமான, புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயும் வேண்டும்: அதில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயோ பிளாஸ்டிக் குழாயோ தப்பான முடிவு காட்டும். பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக 2024-இல் தமிழக அரசு அறிவித்தது. அதனால் ஊர்வாரியாக எண்ணிக்கை கேட்கச் சட்டமன்ற உறுப்பினருக்கு நல்ல பிடிமானம் இருக்கிறது.

மலையில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், சமவெளியில் 5,000-க்கு ஒன்று என்பதுதான் விதி. சமவெளிக் கணக்கை மலைக்கும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

காட்பாடியிலிருந்து மறுபடியும்:

ஒன்று விட்டுப்போச்சு. தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டடம் கட்டலாம், சம்பளம் கொடுக்க முடியாது. ஆகவே ‘என் நிதியில் நர்ஸ் போடுவேன்’ என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். புதுப் பணியிடம் அரசு ஆணையால்தான் வரும். அதற்கு இடம் மக்கள் நல்வாழ்வுத் துறையின் 19-ஆம் எண் மானியக் கோரிக்கை விவாதம், அதாவது அந்தத் துறைக்கான செலவுக்குச் சட்டமன்றத்தில் ஒப்புதல் கேட்கும்போது நடக்கும் விவாதம். எந்த மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, காலி எத்தனை, டெபுடேஷனில் எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் இப்போதே மனுப் போடுங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகும். நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் எண்கள் கையில் இருக்கும்.