12 எல்பியா, 8 சிடியா? லீ மார்கன் பெட்டிக்கு ஞாயிறு ராத்திரி வரைக்கும்தான் தள்ளுபடி

வேலந்தாவளத்துக்காரன்:

அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம்ங்க. எனக்கு ஊர் வேலந்தாவளம். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் கோயமுத்தூர் ஜில்லா, இந்தப் பக்கம் பாலக்காடு. வீட்ல பேசறது தமிழ், ரேஷன் கார்டு மலையாளம். தினமும் பஸ்ல கோயமுத்தூருக்கு வேலைக்குப் போய் வர்றேன். அந்த பஸ்லதான் நாலு வருசமா ஜாஸ் கேட்டுட்டு இருக்கேன். போன வருசம் ஒரு டர்ன்டேபிள் வாங்கினேன். கையில இருக்கிறது பதினோரு எல்பி, அதான் பெரிய இசைத்தட்டு.

ப்ளூ நோட்ங்கிற அமெரிக்க ஜாஸ் லேபிளோட (தட்டு வெளியிடற கம்பெனி) சொந்த ஆன்லைன் கடையில மூணு நாளைக்கு 30 சதவீதம் தள்ளுபடி போட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரியோட முடியுது. குறிச்சீட்டு விழுந்த பணத்துல 22 ஆயிரம் இதுக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கேன். ட்ரம்பெட்காரர் லீ மார்கனோட லைட்ஹவுஸ் கச்சேரி முழுசும் இருக்கிற பெட்டி மேல ரொம்ப நாளா கண்ணு. அது 12 எல்பியாவும் இருக்கு, 8 சிடியாவும் இருக்கு. சிடி பெட்டி எல்பி பெட்டியை விட ரொம்பக் குறைவு. எல்பி பெட்டியை எடுத்தா பணம் மொத்தமும் அதுலயே போயிடும். அதை விட்டுட்டு அஞ்சு தனித் தட்டு வாங்கலாமான்னும் ஓடுது. சாக்ஸபோன்காரர் ஹாங்க் மோப்லியோட சோல் ஸ்டேஷன் அதுல கண்டிப்பா ஒண்ணு.

டர்ன்டேபிள் வாங்கிட்டு சிடி வாங்கறது சரியா? தபால் கூலி, சுங்க வரி எல்லாம் வெளிநாட்டுல இருந்து வாங்கிப் பழகினவங்க சொல்லுங்க. நான் இதுவரைக்கும் உள்ளூர்லயே வாங்கிப் பழகினவன்.

கம்பமெட்டு:

தம்பி, யோசிக்கவே வேணாம், எல்பி பெட்டியை எடுங்க. தனித் தட்டு இன்னைக்கு இல்லைன்னா அடுத்த வருசம் திரும்ப அச்சடிப்பாங்க. பெட்டி தீர்ந்தா தீர்ந்ததுதான். மொசைக் லேபிளைப் பாருங்க, 1980கள்ல ஆரம்பிச்சதுல இருந்து இத்தனை பிரதிதான்னு கணக்கு வெச்சுத்தான் பெட்டி போடறாங்க. உரிமை ஒப்பந்தம் முடிஞ்சா அதோட நிறுத்திருவாங்க. அவங்க போட்ட முதல் பெட்டியே பியானோக்காரர் தெலோனியஸ் மங்க் ப்ளூ நோட்டுக்கு வாசிச்சது முழுசும். அன்னைக்கு விட்டவங்க அப்புறம் பழைய சாமான் சந்தையில ரெண்டு மடங்கு, மூணு மடங்கு குடுத்து வாங்கினாங்க. அந்த மாதிரி நீங்களும் நிக்க வேணாம்.

கொழிஞ்சாம்பாறை பெரியவர்:

தம்பி, நான் உங்களுக்குப் பக்கத்து ஊர். வயசு அறுபத்தி மூணு. தட்டு சேக்க ஆரம்பிச்சு இருபத்தெட்டு வருசமாச்சு. கம்பமெட்டு சொல்றதுல பாதி சரி. பெட்டியை விடாதீங்க. ஆனா எல்பியா வேணாம், 8 சிடியை எடுங்க. அதுக்குக் காரணம் இருக்கு, கொஞ்சம் நீட்டியே சொல்றேன், பொறுத்துக்குங்க.

முதல்ல எடைக் கணக்கு. ஒரு தட்டு 180 கிராம்னா பன்னெண்டு தட்டு 2 கிலோ 160 கிராம். இது வெறும் தட்டு மட்டும். உறை, புத்தகம், கெட்டி அட்டைப் பெட்டி, அதுக்கு வெளியில இன்னொரு அட்டை எல்லாம் சேந்தா நாலு கிலோ வந்துரும். கூரியர்காரன் எடையை மட்டும் பாக்க மாட்டான். நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000 ஆல வகுப்பான். 40க்கு 40க்கு 15 அட்டைன்னா 4.8 கிலோ. ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் கூலி. சுங்க வரியும் தட்டு விலைக்கு மட்டும் இல்லீங்க, அனுப்பற கூலியையும் சேத்து அது மேல போடறது. அந்த வரியையும் சேத்த தொகைக்கு மேல ஐஜிஎஸ்டி, அதான் இறக்குமதிக்கு வர்ற ஜிஎஸ்டி. ஆக, தள்ளுபடி கிடைக்கிறது விலையில மட்டும். கூலிக்கு ஒரு பைசா குறையாது, அந்தக் கூலிக்கும் வரி உண்டு. கனமான பெட்டிக்கு 30 சதவீதம்னு போட்டிருந்தாலும் நம்ம வீட்டு வாசலுக்கு வந்து சேர்றப்ப அது பத்தோ பதினஞ்சோ ஆயிரும். எட்டு சிடிக்கு அந்த அடி விழாது.

ரெண்டாவது வெயில். பாலக்காட்டுக் கணவாய்ல மாசி பங்குனி வெயில் எப்படின்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழு வருசத்துக்கு முந்தி வெளிநாட்டுக் கடை ஒண்ணுல பத்து எல்பி பெட்டி ஒண்ணை இதே மாதிரி தள்ளுபடியில வாங்கினேன். ஏப்ரல்ல வந்துச்சு. வழியில எந்தக் குடோன்ல, எந்த வேன்ல, எத்தனை நாள் கெடந்துச்சோ. அட்டையில ஒரு கீறல் இல்லை. தட்டை எடுத்து ட்யூப் லைட்டுக்கு நேரா கண்ணு மட்டத்துல பிடிச்சேன். ஓரம் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, பப்படம் மாதிரி நிக்குது. மூணு தட்டு அப்படி. ஓட விட்டா முள்ளைத் தாங்கற டோன் ஆர்ம் சுத்துக்குச் சுத்து மேலயும் கீழயும் ஆடுது. பியானோ நீட்டிப் பிடிக்கிற சுரம் எல்லாம் அலையுது. கண்ணாடிக்கு நடுவுல வெச்சு, மேல அரிசி மூட்டை வெச்செல்லாம் பாத்தேன். ஒண்ணும் நிமிரலை. திருப்பி அனுப்பற கூலி பெட்டி விலையில பாதி. அந்த மூணு தட்டும் இன்னைக்கும் பெட்டிக்குள்ளதான் இருக்கு.

மூணாவது, எனக்கு இதுதான் பெருசு. அந்தப் பெட்டியில என்ன இருக்குன்னு பாருங்க. 1970 ஜூலை 10, 11, 12. கலிஃபோர்னியாவுல ஹெர்மோசா பீச்னு கடற்கரை ஊர், அங்க லைட்ஹவுஸ்ங்கிற கிளப். மார்கன் ட்ரம்பெட், பென்னி மாபின் சாக்ஸபோனும் பேஸ் கிளாரினெட்டும், ஹாரல்ட் மேபர்ன் பியானோ, ஜிமி மெரிட் பேஸ், மிக்கி ரோக்கர் டிரம்ஸ். 1971ல இது ரெட்டைத் தட்டா வந்தப்ப பக்கத்துக்கு ஒரு பாட்டுன்னு மொத்தமே நாலு பாட்டு. 1996ல மூணு சிடி ஆச்சு. 2021லதான் 33 பாட்டும் வாசிச்ச வரிசையிலேயே வெளிய வந்துச்சு. அதே பீஹைவ், அதே நியோஃபிலியாங்கிற பாட்டுக வேற வேற ராத்திரியில திரும்பத் திரும்ப வரும். கல்பாத்தித் தேருக்கு முன்னாடி நடக்கிற கச்சேரிகள்ல தோடியை மூணு நாள் மூணு பேர் பாடிக் கேட்டிருப்பீங்க. இங்க மூணு நாளும் அதே அஞ்சு பேர். நேத்து வாசிச்சது அவங்க காதுல இருக்கிறப்பவே இன்னைக்கு வேற வழியில போறாங்க. மார்கன் எங்க நுழையறார், மாபினுக்கு எங்க விட்டுக் குடுக்கறார்னு ஒண்ணோட ஒண்ணு வெச்சுக் கேட்டாத்தான் புரியும்.

இதை எல்பியில கேட்டா இருபத்தி நாலு பக்கம். இருபது நிமிசத்துக்கு ஒருக்கா எந்திரிச்சு திருப்பிப் போடணும். ஒரு செட், அதான் இடைவேளை விடாம வாசிக்கிற ஒரு பகுதி, முடியறதுக்குள்ள கிளப்புல இருந்து நடுவுல வெளிய வந்து உள்ள போன மாதிரி. சிடியில போட்டுட்டு உக்காந்தா கிளப்புக்குள்ளயே இருக்கலாம். மார்கன் அதுக்கப்புறம் இருந்தது ஒன்றரை வருசம்தான் தம்பி. 1972 பிப்ரவரியில நியூயார்க்ல ஸ்லக்ஸ்ங்கிற கிளப்புல சுட்டுக் கொல்லப்பட்டார். வயசு 33. அந்த மூணு ராத்திரியை நடுவுல எந்திரிக்காம கேக்கணும்னுதான் நான் சொல்லுவேன்.

டர்ன்டேபிள் இருக்கேன்னு வருத்தப்படாதீங்க. மீதிப் பணத்துல ரெண்டு தனித் தட்டு வாங்குங்க. சோல் ஸ்டேஷன் சரியான தேர்வு, 1960ல ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் பதிவு பண்ணினது. எடுக்கறப்ப எந்த வரிசையில வந்த அச்சுன்னு பாருங்க. டோன் போயட் வரிசை 2019ல இருந்து வருது, கெட்டி விரி அட்டை, உள்ள ஃபிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த போட்டோ, எல்லாம் அழகு. அதை விட விலை குறைஞ்சது கிளாசிக் வைனல் வரிசை. ரெண்டுக்கும் அச்சுக்கான மூலத் தட்டை வெட்டறது கெவின் கிரேங்கிற ஒரே ஆள்தான். அட்டைதான் சாதா. காதுக்குக் காசு போடறவங்களுக்கு அது போதும். அஞ்சு தட்டு வேணாம், ரெண்டு போதும். தள்ளுபடியில அஞ்சு தட்டு ஒண்ணா வந்தா மூணாவது தட்டுக்கு மேல ஒழுங்கா கேக்க மாட்டோம். என் அலமாரியில அப்படி நிக்கிறதை எண்ணினா நாப்பதுக்கு மேல வரும்.

நகரி வயலின்:

நமஸ்காரம். நான் சித்தூர் பக்கம் நகரியில இருந்து எழுதறேன். எங்க தெருவுலயும் பாதி தமிழ், பாதி தெலுங்கு.

பெரியவர் சொன்னதை அப்படியே ஒத்துக்கறேன். ஒண்ணு மட்டும் சேக்கணும். மறுபதிப்புன்னா பழசை மறுபடி அச்சடிக்கிறதுன்னு நினைக்கிறோம். சில சமயம் மறுபதிப்புதான் சரியானது. ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸோட கைண்ட் ஆஃப் ப்ளூ தட்டு 1959ல பதிவானது. மார்ச் 2ஆம் தேதி வாசிச்ச மூணு பாட்டும் முதல் பக்கத்துல இருக்கு. அன்னைக்கு ஓடின டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு. அதனால சரியான வேகத்துல போடறப்ப சுருதி ஏறிக் கேக்கும். முப்பது வருசத்துக்கு மேல உலகம் பூரா அப்படித்தான் கேட்டாங்க. 1990கள்லதான் கூடவே ஓடின இன்னொரு டேப்ல இருந்து எடுத்துச் சரி பண்ணினாங்க.

எங்கிட்ட இருந்தது பழைய கேசட். முதல் பக்கத்துல இருக்கிற சோ வாட் பாட்டு கூட வயலின் வாசிச்சுப் பழகலாம்னு உக்காந்தேன். எங்க சுருதி சேத்தாலும் ஒரு அணு தள்ளியே நிக்குது. ரெண்டாவது பக்கத்துக்குப் போனா டக்குனு சேருது. என் காதுதான் போச்சுன்னு ஒரு மாசம் மருகினேன். புது சிடி கிடைச்சப்புறம்தான் நிம்மதி.

அதே மாதிரி விலை ரொம்பக் குறைச்சலா இருக்கிற ஐரோப்பிய அச்சுல கவனம் வேணும். 1962 வரைக்கும் வெளியானதுக்கு அங்க உரிமைக் காலம் முடிஞ்சு போச்சு, யார் வேணும்னாலும் போடலாம். மூல டேப் அவங்ககிட்ட இருக்காது. சிடியில இருந்து எடுத்து தட்டுல வெட்டினதும் அதுல உண்டு. எந்த டேப்ல இருந்து, யார் வெட்டினதுன்னு அட்டையில போடாத தட்டை நான் எடுக்கறதில்லை.

பெட்டிகள்ல பியானோக்காரர் பில் எவன்ஸ் நியூயார்க்ல வில்லேஜ் வேன்கார்ட் கிளப்புல வாசிச்ச கச்சேரி மூணு சிடிதான், சின்னது. 1961 ஜூன் 25, ஒரு ஞாயித்துக்கிழமை வாசிச்சது முழுசும். முதல் பாட்டுலயே கரண்ட் போய் டேப் நின்னு திரும்ப வரும், அதையும் அப்படியே வெச்சிருக்காங்க. பின்னாடி கிளாஸ் இடிக்கிற சத்தம் கேக்கும். பேஸ் வாசிச்ச ஸ்காட் லஃபாரோ ஜூலை 6ஆம் தேதி கார் விபத்துல போயிட்டார். உங்க சேல்ல அது இருக்காது, வேற லேபிள். எப்பவாவது கண்ணுல பட்டா விடாதீங்க.

கம்பமெட்டு:

பெரியவரே, வெயில் கணக்கை நான் யோசிக்கலை. எங்க மலைப்பக்கத்துல தட்டு நெளிஞ்சு பாத்ததில்லை, எங்களுக்குப் பூஞ்சைதான் எதிரி. பெட்டியில குடுக்கிற காகித உள்ளுறை ஈரத்தை இழுத்து ஒரே மழைக்காலத்துல வெள்ளையா புள்ளி வெச்சிருது. தம்பி, ஜூன்ல வர்ற இடவப்பாதி மழைக்கு முன்னாடியே பாலிதீன் உள்பூச்சு இருக்கிற உறைக்கு மாத்திருங்க. சிடி புத்தகமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பெட்டிக்குள்ள ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க.

வேலந்தாவளத்துக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து ராத்திரி ஆர்டர் போட்டுட்டேன். 8 சிடி பெட்டி, சோல் ஸ்டேஷன் சாதா அட்டையில. மூணாவதா ஒண்ணு கூடையில போட்டு, மறுபடி எடுத்துட்டேன். தபால் கூலி சேத்து 22 ஆயிரத்துல பாதிக்கும் கீழதான் ஆச்சு. மீதியை வரிக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன், தபால்காரர் வர்றப்ப கையில குடுக்கணுமே. சிடி ப்ளேயர் எங்கிட்ட இல்லை. மாமா வீட்ல பழசு ஒண்ணு இருக்கு, கேட்டிருக்கேன், எடுத்துக்கோன்னுட்டார்.

பெரியவருக்கு ஒண்ணு கேக்கணும். ஆலிஸ் கோல்ட்ரேனோட ஜர்னி இன் சச்சிதானந்தா தட்டைப் பத்தி என்ன நினைக்கிறீங்க? எங்க அம்மாச்சி ஊர் செட்டிபாளையம் பக்கம். தட்டோட பேர்ல வர்ற சச்சிதானந்தா சாமி அந்த ஊர்ல பிறந்தவர்னு வீட்ல சொல்லுவாங்க.

கொழிஞ்சாம்பாறை பெரியவர்:

சரியாச் சொன்னாங்க. சுவாமி சச்சிதானந்தா 1914ல செட்டிபாளையத்துல பிறந்தவர். 1969ல அமெரிக்காவுல நடந்த வுட்ஸ்டாக் இசை விழாவுல தொடக்க உரை பேசினவரும் அவர்தான். அந்தத் தட்டு 1971ல வந்துச்சு, ஆலிஸோட ஹார்ப், கூட ஃபேரோ சாண்டர்ஸோட சாக்ஸபோன், அடியில தம்புரா ஓடிட்டே இருக்கும். அதை எல்பியாவே வாங்குங்க தம்பி. ஒத்தைத் தட்டு, பக்கம் மாத்தறது ஒரே தடவை.

இப்ப வர்றதுக்கு ஒண்ணு. சோல் ஸ்டேஷன் வந்தவுடனே மேல சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் தாளைக் கிழிச்சு எடுத்துருங்க, அழகா இருக்குன்னு விட்டு வைக்காதீங்க. நம்ம ஊர் சூட்டுல அது சுருங்கி அட்டையை இழுக்கும், உள்ள தட்டு வளையும். கத்தி வைக்க வேணாம், திறக்கிற பக்கம் விரல் நகத்தாலயே கீறினாப் போதும். பிரிக்கிறப்ப போட்டோ எடுத்துக்குங்க. சாயங்காலம் ஒரு நாள் கொழிஞ்சாம்பாறைக்குக் கொண்டாங்க, எங்க வீட்ல ஸ்பீக்கர் பெருசு. கேட்டுட்டு கடைசி பஸ்ஸைப் பிடிச்சுப் போயிரலாம்.