பழைய மிஷன் சேமக்காலையை நினைவுப் பூங்காவாக்கேக்கை: கல், சாந்து, பெயர் (நாலு பேரின்ர அனுபவப் பகிர்வு, அவையின்ர புனைபேரோட)

சாந்துக்கரண்டி

யாழ்ப்பாணத்துப் பழைய சேமக்காலையை, அதுதான் கிறிஸ்தவ அடக்க இடத்தை, மிஷனரி ஒருவரின்ர பேரில பூங்காவாக்கிறதெண்டு முடிவெடுத்த உடனை எல்லாரும் ஓடுறது கல்லறைக் கல்லைக் கழுவுறதுக்கு. பொறுங்கோ, முதல்ல படம். நடுப்பகல் வெயிலில தேய்ஞ்ச எழுத்துத் தெரியாது. காலமை வெயில் தாழ்வாக் கிடக்கேக்கை, இல்லாட்டிப் பின்னேரம், வெளிச்சம் கல்லில சரிவாப் படவேணும். மர நிழலுக்குள்ள கிடக்கிற கல்லுக்கு இருட்டின பிறகு டோர்ச்சைக் கல்லோட ஒட்டினமாதிரிப் பக்கவாட்டில பிடிச்சு, ஒருக்கா இடப்பக்கமிருந்து, ஒருக்கா மேலிருந்து எடுங்கோ. எழுத்துத் தெரியவேணும் எண்டு மாவோ சோக்கோ பூசாதேங்கோ. துவாரத்துக்குள்ள தங்கி மழைக்குப் பூஞ்சணம் பிடிக்கும்.

ஈய எழுத்துப் பதிச்ச பளிங்கில எழுத்து உதிர்ந்து போயிருந்தால் கவலை வேண்டாம். ஈயத்தைப் பிடிச்சு வைச்ச சின்னத் துளையள் கிடக்கும். அதுகள் இருக்கிற ஒழுங்கை வைச்சே எந்த எழுத்தெண்டு பெரும்பாலும் சொல்லலாம். அந்தத் துளையளைச் சீமெந்தால அடைச்சால் பேர் அதோட போச்சு.

கந்தரோடையான்

கழுவுற தண்ணியைப் பற்றி ஒருதரும் யோசிக்கிறேல்லை. கரையோரக் கிணத்துத் தண்ணி உவர். கல்லுக்குள்ள இறங்கி, காயேக்கை உப்புப் படிகமாகி, மேல்தோலைப் பொருக்காத் தள்ளிவிடும். வலிகாமத்து நன்னீரும் சுண்ணாம்பு கூடினது, வெள்ளைப் படலம் விடும். கூரைப் பீலியில பிடிச்ச மழைத்தண்ணிதான் நல்லம்.

கல்லை நல்லா நனைச்சுக் கால் மணித்தியாலம் விடுங்கோ. ஊறின பாசியை மூங்கில் சிராயால சுரண்டி, மெல்லிய நைலோன் தூரிகையால தேய்க்கலாம். கீழிருந்து மேல போங்கோ. மேலிருந்து தொடங்கினால் அழுக்குத்தண்ணி காய்ஞ்ச கல்லில வழிஞ்சு கோடு விழும். கம்பித் தூரிகை, அசிட், கக்கூசு கழுவுற திரவம், பிளீச், அழுத்தத் தண்ணி மெசின் ஒண்டும் வேண்டாம். முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) பளிங்கும் சுண்ணாம்புச் சாதி. அசிட் பட்டால் நுரைக்கிறது அழுக்கில்லை, கல்.

சாந்துக்கரண்டி

அண்ணை சொன்னதோட சாந்தையும் சேர்க்கவேணும். பழைய கல்லறை மேடையள் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். பிறகு சீமெந்து மலிஞ்ச காலத்தில வெடிப்பெல்லாம் சீமெந்தால பூசிவிட்டினம். சீமெந்து ஈரத்தை வெளியில விடாது. ஈரம் கல்லுக்குள்ளால வழி தேடும், உப்பும் அதோட வரும். அதாலதான் சில மேடையளில சீமெந்துக் கோடு முழுசா நிக்க, ரெண்டு பக்கத்துக் கல்லும் அரிச்சுக் குழியாக் கிடக்கு.

தண்ணி விட்டு நீத்து ஆகக் குறைஞ்சது மூண்டு கிழமை ஊறவிட்ட சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவின ஆத்து மணல் மூண்டு பங்கு. ஈரம் கூடின இடத்துக்கு ஒரு பங்கு மணலைக் குறைச்சுச் செங்கல் தூள் போடலாம். மணற்காட்டுப் பக்கத்து மணல் வேண்டாம், நொய், உப்பும் இருக்கும். ஒரு தடவைக்குப் பத்து மில்லிமீற்றருக்கு மேல பூசாதேங்கோ. நனைச்ச சாக்கால மூடி ஏழு நாள் ஈரமா வைக்கவேணும். சோளகம் (தென்மேல் காத்து) வீசேக்கை பூசினால் ஒரே நாளில காய்ஞ்சு மயிர்வெடிப்பு விழும். ஐப்பசி கார்த்திகை மழை கழுவிக்கொண்டு போகும். தை பிறந்து பங்குனிக்குள்ள முடியுங்கோ. பனங்கட்டித் தண்ணி கலக்கிறது பழைய கைமுறைதான், ஆனால் கூடினால் எறும்பு வரும்.

பதிவேடு

பெயரைப் பார்த்து ஆளைத் தீர்மானிக்க வேண்டாம். மிஷன் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் பலருக்கு, அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பியவர்களின் பெயர்களே சூட்டப்பட்டன. 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் தமிழர். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளைக்கு மிஷன் வட்டத்தில் கிங்ஸ்பரி என்று பெயர். அப்படி ஒரு பெயர் கல்லில் இருந்தால் 'வெளிநாட்டவர் கல்லறை' என்று பலகையில் ஏற எவ்வளவு நேரம்? தேவாலய அடக்கப் பதிவேட்டையும் ஞானஸ்நானப் பதிவேட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஊர்ப்பெயரிலும் கவனம். பழைய மிஷன் எழுத்துகளில் வரும் 'நெல்லோர்' நம் நல்லூர், ஆந்திரத்து நெல்லூர் அல்ல. 'பட்டிகோட்டா' வட்டுக்கோட்டை.

இன்னொன்று: நினைவுக்கல் வேறு, கல்லறை வேறு. மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 1884இல் இறந்தது மசச்சூசெட்ஸில். அவருக்கு இங்கே எழுப்புவது நினைவுக்கல் மட்டுமே. 1855இல் மானிப்பாயிலேயே வாந்திபேதியில் இறந்த அமெரிக்க மிஷனரி டானியல் பூவரின் கதை வேறு. பலகை இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மதிப்புக்குரிய ஒருவருக்காக மற்றவர்களின் கற்களைப் பெயர்த்து மதிலோரம் வரிசையாக நிறுத்துவதுதான் மிகப் பெரிய கெடுதல். அடியில் இருப்பவர் யார் என்பது அதன்பின் எவருக்கும் தெரியாது. உள்ளூர் உபதேசியார்களும் ஆசிரியைகளும் குழந்தைகளும்தான் பெரும்பாலும் இப்படிக் காணாமல் போகிறார்கள். பாதை கல்லுக்கு வளையட்டும்.

வேலிக்கதியால்

மரம் பற்றி. வெடிப்பில முளைச்ச ஆலங்கன்று விரல் மொத்தத்துக்குள்ள எண்டால் மழைக்குப் பிறகு வேரோட பிடுங்கலாம். அதுக்கு மேல இழுக்காதேங்கோ, மேடை பிளக்கும். அடியோட வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க வெட்டிக்கொண்டிருந்தால் வேர் உக்கும். பிறகு இளகின சுண்ணாம்புச் சாந்தை ஊத்தி நிரப்புங்கோ. எங்கட பக்கம் மண் ஆழமில்லை, கீழ பாறை. வேர் பக்கவாட்டில ஓடி நேரா மேடைக்குத்தான் வரும். ஆனபடியால் வேம்பு, மலைவேம்பு நடவேண்டாம். நித்தியகல்யாணி, நந்தியாவட்டை போதும். தென்னை நிண்டால் காயைக் காலத்துக்குப் பறியுங்கோ.

இன்டர்லொக் கல்லை மேடை விளிம்பு மட்டும் பதிக்காதேங்கோ. ஒன்றரை அடி விட்டுச் சல்லி போடுங்கோ, மழைத்தண்ணி இறங்க வழி வேணும். லைற் வயரை மதிலோரமா மேலால கொண்டு போகலாம், கிடங்கு வெட்டத் தேவையில்லை.

பதிவேடு

கிடங்கு என்றதும் ஒன்று. எலும்பு வெளிப்பட்டால் கையால் எடுக்காமல், வேலையை நிறுத்தி, மூடிவைத்துப் பொலிசுக்கு அறிவியுங்கள். பழைய சேமக்காலைதானே என்று நாமே முடிவுகட்ட முடியாது. செம்மணி சித்துப்பாத்தியில் 2025இல் மயான வேலைக்கு வெட்டியபோது வந்த எலும்புகள் நீதிமன்றம்வரை போயின.

கந்தரோடையான்

பேர்ப்பலகை கருங்கல்லில வெட்டுங்கோ, தமிழ் மேல. பிளெக்ஸ் ஒரு சோளகத்துக்கும் தாங்காது.