பேண்டு ஹார்மனிய கான்சர்ட் பிட்ச்ல (காதுல நிஜமா கேக்குற சுருதில) எழுதணுமா, அவங்கவங்க வாத்தியத்தோட கீலயா?

மார்கழிபேண்டு: பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ். ரெண்டு பி ஃபிளாட் ட்ரம்பெட், ஒரு ஈ ஃபிளாட் ஹார்ன் (பேப்பர்ல சின்னு இருந்தா ட்ரம்பெட்ல பி ஃபிளாட்டும் ஹார்ன்ல ஈ ஃபிளாட்டும்தான் கேக்கும்), ஒரு ட்ரோம்போன். கிடார்காரர் ஜி கார்டுலதான் வாசிப்பேன்னார், நானும் அதே ஷீட்ட எல்லாருக்கும் ஜெராக்ஸ் எடுத்து குடுத்துட்டேன், முதல் வீட்டு வாசல்லயே ட்ரம்பெட் எஃப்ல கத்துது, ஹார்ன் பி ஃபிளாட்ல போகுது, தெருநாய் ஊளையிட ஆரம்பிச்சிருச்சு. இனிமே எல்லாத்தையும் கான்சர்ட்ல எழுதி கடைசில மாத்திக்கலாம்னு இருக்கேன், சரிதானே?

மூணுவால்வு: அதுவும் தப்புதான். கான்சர்ட்ல எழுதுறவனுக்கு வாசிக்கிறவன் படுற பாடு தெரியாது. கான்சர்ட் ஜின்னா ட்ரம்பெட்டுக்கு ஏ மேஜர், மூணு ஷார்ப். ஹார்னுக்கு ஈ மேஜர், நாலு ஷார்ப். கீழ் சி ஷார்ப்புக்கு மூணு வால்வையும் அமுக்கணும், மூணாவது ஸ்லைட வெளிய தள்ளலன்னா சுருதி ஏறிதான் நிக்கும். எஃப்க்கு இறக்குங்க, ட்ரம்பெட் ஜி, ஹார்ன் டி, நிம்மதி. கிடார்காரர் மூணாவது ஃப்ரெட்ல கேப்போ (கிடார் கழுத்துல மாட்டுற கிளிப்) போட்டு டி ஷேப் பிடிக்கட்டும்.

ஸ்லைடுதாத்தா: தம்பி, எந்த கீல வாசிக்கிறதுங்கிறது வேற, எதுல எழுதி யோசிக்கிறதுங்கிறது வேற. எஃப் கார்டுன்னா எஃப், ஏ, சி. ட்ரம்பெட் பேப்பர்ல அது ஜி, பி, டி. ஹார்ன் பேப்பர்ல டி, எஃப் ஷார்ப், ஏ. இப்படி நாலு பேப்பரா பிரிச்சு வெச்சுக்கிட்டு, அந்த ஏ ரெண்டு பேர்கிட்ட போயிருக்கா, யாருக்குமே வரலையான்னு எப்படிய்யா கண்டுபிடிப்பீங்க?

மூணுவால்வு: சரிங்க ஐயா, கார்டு அடுக்குறதுக்கு கான்சர்ட்ட ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டாவது ட்ரம்பெட்டுக்கு கண்ண மூடிட்டு மெலடிக்கு தேர்ட் கீழன்னு (மெலடி ஸ்வரத்தையும் சேத்து எண்ணினா மூணாவது ஸ்வரம்) எழுதுறாங்களே, அதான் எரிச்சல். எஃப் கார்டுல மெலடி எஃப்ல நின்னா கீழ டி வரும், அந்த கார்டுல டியே கிடையாது, சிக்கு இறங்கணும். அதெல்லாம் அவன் பேப்பர்ல எழுதி கைல ஊதிப் பாத்தாதான் உறைக்கும்.

கீபோர்டுகாரன்: எதுக்குப்பா இவ்ளோ சண்டை, மியூஸ்ஸ்கோர்னு நோட்ஸ் எழுதுற சாஃப்ட்வேர்ல கான்சர்ட் பிட்ச்னு ஒரு பட்டன் இருக்கு, தட்டினா முடிஞ்சுது 😀

ஸ்லைடுதாத்தா: முடியும், வாத்தியத்த ஒழுங்கா செலக்ட் பண்ணிருந்தா. போன வருஷம் எங்க பையன் ஒருத்தன் சி ட்ரம்பெட்னு (எழுதினதே அப்படியே கேக்குற வகை) வெச்சு பிரிண்ட் எடுத்துட்டான், ஆராதனை முழுக்க ட்ரம்பெட் மட்டும் ஒரு டோன் கீழ. அத இன்னும் மறக்கல.

மார்கழிபேண்டு: எஃப்ல, கான்சர்ட்லயே எழுதி, ரெண்டாவது ட்ரம்பெட் பார்ட்ட மட்டும் ஊதிப் பாத்து திருத்திட்டேன். இப்ப கிடார்காரர் கேப்போவ தொலைச்சுட்டாராம்.