கன்சல்டிங்ல (பழைய கார் வாங்கி விக்கற கடை) எடுத்த கார், நான்-ஆக்ஸிடெண்ட்னு அடிச்சு சொன்னாங்க, இப்ப ஏப்ரன்ல (பானட்டுக்குள்ள முன் வீலுக்கு மேல வர்ற பாடித் தகடு) வெல்டிங் தெரியுது. என்ன பண்ணலாம்?

ஈரோட்டுக்காரன்:
வணக்கம்ங்க. போன மாசம் கோயம்புத்தூர்ல ஒரு கார் கன்சல்டிங்ல 2019 பலேனோ பெட்ரோல் எடுத்தேன், 5.40 லட்சம். சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி, ஒரு கீறல் கிடையாது, நான்-ஆக்ஸிடெண்ட்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னாங்க (எல்லா கன்சல்டிங்லயும் இந்த டாக்டர் ஒருத்தர் இருக்கார் போல). தெரிஞ்ச டிரைவரைக் கூட்டிட்டுப் போய் ஓட்டிப் பார்த்துதான் எடுத்தோம், இன்ஜின், கியர், ஏசி எல்லாம் சுத்தமாத்தான் இருந்துச்சு.

பைபாஸ்ல 80 தாண்டினா வண்டி இடது பக்கமா இழுக்குது. அலைன்மெண்ட்தான்னு டயர் கடைக்கு விட்டா, அவர் மெஷின்ல ஏத்திப் பார்த்துட்டு முன்னாடி இடது வீல்ல கேம்பர் (வீல் உள்ளயோ வெளியவோ சாயற கோணம்) அவுட்டு, இந்த வண்டில முன்னாடி கேம்பர் அட்ஜஸ்ட்மெண்டே கிடையாது, டோ (வீல் நேரா பார்க்குதாங்கற கோணம்) மட்டும்தான் வைக்க முடியும், எங்கயோ பலமா வாங்கியிருக்குங்கன்னுட்டார். அப்புறம் பானட்டைத் தூக்கி இடது ஏப்ரன்ல வெல்டிங் தடத்தைக் காட்டினார். ஹெட்லைட் லேபிள் பார்த்தா வலது பக்கம் 2019, இடது பக்கம் 2021. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல சேஸிஸ் நம்பர் குடுத்துக் கேட்டேன், அட்வைசர் சிஸ்டத்துல பார்த்துட்டு 2021 அக்டோபர்ல பாடி ஷாப் வேலை நடந்திருக்கு, இன்சூரன்ஸ் கிளைம்னு வாயால சொன்னார், பிரிண்ட் தர மாட்டேங்கறார், பழைய ஓனர் சம்மதம் வேணுமாம்.

கன்சல்டிங்காரர்கிட்ட போன் போட்டா "செகண்ட்ஸ் வண்டின்னா அப்படி இப்படித்தான் இருக்கும், பார்த்துத்தானே எடுத்தீங்க"ங்கறார். டெலிவரி எடுக்கறப்ப ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க, உள்ளது உள்ளபடி வாங்கிக்கிறேன்னு அதுல இருக்கு. வண்டியைத் திருப்பிக் குடுக்க வழி இருக்குங்களா? குடும்பத்தோட ஓட்டலாமா? நாளைக்கு நமக்கு ஏதாவது ஆனா இன்சூரன்ஸ்ல இதைச் சொல்லித் தட்டிக் கழிப்பாங்களா?

பொறுமைசாலி:
5.40க்கு 2019 வண்டி எடுத்துட்டு ஷோரூம் பீஸ் எதிர்பார்த்தா எப்படி ப்ரோ. நம்ம ஊர் ரோட்டுல அடிபடாத வண்டியே கிடையாது. ஒரு நல்ல டிங்கர்கிட்ட விட்டு சரி பண்ணிட்டு ஓட்டுங்க.

டிங்கர்_சேலம்:
பொறுமைசாலி சொல்றது பாதி சரி, பாதி ஆளைக் கொல்ற பேச்சு. பாடி வேலைதான் எனக்குப் பொழைப்பு, அதனால சொல்றேன் தம்பி. ஆக்ஸிடெண்ட் ஆச்சா இல்லையாங்கறது கேள்வியே இல்ல, எது அடிபட்டுச்சுங்கறதுதான் கேள்வி. பம்பர், பானட், ஃபெண்டர், கதவு, ஹெட்லைட் இதெல்லாம் போல்ட்டுல நிக்கற சாமான், கழட்டிட்டு புதுசு மாட்டினா வண்டி பழையபடி ஓடும், பெயிண்ட் ஷேடு கொஞ்சம் மாறும் அவ்ளோதான். அதுக்காக ஒரு வண்டியை ஒதுக்கினா நீங்க வண்டியே வாங்க முடியாது. ஏப்ரன், அதுக்குக் கீழ நீளமா போற சைடு மெம்பர், பில்லர், ஃபயர்வால் இதெல்லாம் பாடியோட சேர்த்து வெல்டு பண்ணினது. முன்னாடி மோதினா அந்த சைடு மெம்பர் மடங்கி அடியை வாங்கிக்கணும்னுதான் கம்பெனில டிசைன் பண்ணி வச்சிருக்கான், ஏர்பேக் எப்ப வெடிக்கணுங்கறதும் அதோட சேர்ந்த கணக்கு. ஒருவாட்டி மடங்கினதை கேஸ் வச்சு சூடு பண்ணி இழுத்து நிமித்தினா பார்க்க நேராத்தான் இருக்கும், ஆனா இப்ப வர்ற ஹை டென்சைல் தகடு சூடு பட்டா பழைய பலம் நிக்காது, அடுத்த அடிக்கு அது எப்படி மடங்கும்னு எவனாலயும் சொல்ல முடியாது.

அதுக்காக பயந்துடாதீங்க, முதல்ல சின்னதுல இருந்து பாருங்க. கேம்பர் அவுட்டுன்னா உடனே சேஸிஸ்தான்னு இல்ல, ஸ்ட்ரட்டு (ஷாக் அப்சார்பர்) வளைஞ்சிருக்கலாம், வீலைப் பிடிச்சிருக்கற லோயர் ஆர்மோ நக்கிளோ வளைஞ்சிருக்கலாம், அதெல்லாம் மாத்தற சாமான். அதைச் செக் பண்ணிட்டு, பானட்டைத் தூக்கி ரெண்டு பக்க ஸ்ட்ரட்டு மவுண்ட்ல இருந்தும் எதிர் மூலைக்கு குறுக்கால டேப் பிடிச்சு அளந்து பாருங்க, ரெண்டு குறுக்களவும் ஏறக்குறைய ஒண்ணா வரணும். சென்டிமீட்டர் கணக்குல வித்தியாசம் வந்தா மெம்பர் நகர்ந்திருக்குன்னு அர்த்தம், அப்ப ஃப்ரேம் மெஷின் இருக்கற இடத்துக்குக் கொண்டு போய் ஒழுங்கா அளக்கணும்.

வெல்டிங்கையும் உத்துப் பாருங்க. கம்பெனி ஸ்பாட் வெல்டு வட்டமா குழி விழுந்த மாதிரி, ஒரே இடைவெளில வரிசையா இருக்கும். வெளில பண்ணினது மேடு தட்டி, கிரைண்டர் போட்ட கீறலோட இருக்கும், மறைக்க அது மேல கறுப்பு அண்டர்கோட்டை அப்பியிருப்பானுங்க. ஜாயிண்ட்ல இருக்கற சீலண்ட்டை நகத்தால அழுத்துங்க, ஒரிஜினல் கல்லு மாதிரி இருக்கும், புதுசுன்னா பெரும்பாலும் நகம் இறங்கும். பெயிண்ட் மீட்டர் கெடைச்சா வைங்க, கம்பெனி பெயிண்ட் 100ல இருந்து 150 மைக்ரான் சுமாருக்கு காட்டும், ரீபெயிண்ட்டுன்னா 200, 300, பட்டி போட்டிருந்தா 500க்கு மேல எகிறும்.

இன்னொண்ணு, இதை யாரும் பார்க்கறதில்ல. சாவி போட்ட உடனே மீட்டர்ல ஏர்பேக் லைட் எரிஞ்சு சில செகண்ட்ல அணையணும். எரியவே இல்லைன்னா பல்பைப் புடுங்கிட்டான். ஆயில் லைட்டோ பேட்டரி லைட்டோ அணையறப்ப கூடவே சரியா அணைஞ்சா ஒயரை அதோட சேர்த்து விட்டிருக்கான், ஏர்பேக் வெடிச்ச வண்டில புது பேக் போட காசு ஆகும்னு இந்த வேலை நடக்கும். ஸ்கேனர் மாட்டி ஏர்பேக் மாடியூல் தனியா படிக்கச் சொல்லுங்க, வெறும் இன்ஜின் ஸ்கேன் போதாது. சீட் பெல்ட்டை முழுசா இழுத்து கீழ இருக்கற டேக்ல தேதி பாருங்க, 2021ன்னு இருந்தா ப்ரீடென்ஷனர் (மோதறப்ப பெல்ட்டை இறுக்கற சாமான்) வெடிச்சு பெல்ட் மாத்தியிருக்கு, அதாவது அடி லேசானது இல்ல.

கம்பெனி பாடி ஷாப்ல இன்சூரன்ஸ்ல பண்ணின வேலைங்கறது உங்களுக்கு ஒரு வகைல நல்லதுதான். ஏப்ரனை முழுசா மாத்தியிருக்க வாய்ப்பு இருக்கு. டோட்டல் லாஸ் வண்டியை ஏலத்துல எடுத்து ரெண்டு வண்டியை வெட்டி ஒட்டறவன் வேலையா இருந்தா இப்பவே நிறுத்துங்கன்னு சொல்லியிருப்பேன்.

பாலிசி_அக்கா:
தம்பி, பிரிண்ட் தரலைன்னா விடுங்க, உங்க கைல இருக்கற பழைய பாலிசி காப்பியை எடுங்க, அதுல என்சிபி (கிளைம் பண்ணாததுக்குக் குடுக்கற பிரீமியம் தள்ளுபடி) எத்தனை சதவீதம்னு பாருங்க. கிளைம் பண்ணாத வண்டிக்கு ஒவ்வொரு ரினியூவலுக்கும் 20, 25, 35, 45, 50ன்னு ஏறும். 2019ல ரெஜிஸ்டர் ஆன வண்டி, ஒரே ஓனர், ஒரு கிளைமும் இல்லைன்னா 2024 ரினியூவல்ல 50 இருக்கணும். 2021 அக்டோபர்ல கிளைம் போயிருந்தா அடுத்த ரினியூவல்ல 0, அப்புறம் 20, 25னு வந்திருக்கும். வண்டி பார்க்கப் போறப்பவே இந்த ஒரு பேப்பரைக் கேட்டா பாதி கதை வெளில வந்துரும். ஆனா இதை மட்டும் நம்பக் கூடாது. ரினியூவல் 90 நாளுக்கு மேல விட்டுட்டாலும் என்சிபி போயிரும், அப்ப 0ன்னு இருந்தா ஆக்ஸிடெண்ட்னு அர்த்தம் இல்ல. என்சிபி புரொட்டெக்ட் போட்டிருந்தா கிளைம் பண்ணியும் குறையாம நிக்கும். கிளைமே பண்ணாம கைக்காசுல வெளில வேலை பார்த்திருந்தாலும் தெரியாது.

இன்சூரன்ஸ் தட்டிக் கழிப்பாங்களான்னு கேட்டீங்களே, பழைய ஓனர் காலத்து அடிக்காக உங்க புது கிளைமை மறுக்க மாட்டாங்க, பழைய டேமேஜைப் புது கிளைம்ல சேர்த்தா மட்டும் சர்வேயர் வெட்டுவார். நீங்க பயப்பட வேண்டியது வேற. ஆர்.சி. பேர் மாத்திட்டு பாலிசியை மாத்தாம விட்டா தேர்ட் பார்ட்டி தானா உங்களுக்கு வந்துரும், ஆனா உங்க சொந்த வண்டி டேமேஜுக்கு கம்பெனி தராது. மோட்டார் வாகனச் சட்டம் 157வது பிரிவுல 14 நாளுக்குள்ள எழுதிக் குடுக்கணும்னு இருக்கு. இன்னும் பண்ணலைன்னா நாளைக்கே பண்ணுங்க. என்சிபி ஓனரோடது, வண்டியோட வராது, அந்த வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்லுவாங்க, கட்டிடுங்க.

ஈரோட்டுக்காரன்:
அக்கா பாலிசியை இப்பத்தான் எடுத்துப் பார்த்தேன், 25%ன்னுதான் போட்டிருக்கு!! பேர் மாத்த நாளைக்கே குடுக்கறேங்க. டிங்கர் அண்ணா, ஏர்பேக் லைட் தனியா எரிஞ்சு அணையுது, டிரைவர் பக்க பெல்ட் டேக்ல 2019தான் இருக்கு. குறுக்களவு ஞாயித்துக்கிழமை பார்க்கறேன். ஆர்.சி. பழைய ஓனர் பேர்ல இருந்து நேரா என் பேருக்கு மாறியிருக்கு, கன்சல்டிங் பேரே எங்கயும் இல்ல. பணம் 4 லட்சம் அவங்க கரண்ட் அக்கவுண்ட்டுக்குப் போட்டேன், மிச்சம் கேஷ். வாட்ஸ்அப்ல அவர் அனுப்பின விளம்பரத்துல "நான் ஆக்ஸிடெண்ட் கேரண்டி"ன்னு இருக்கு, ஒரு வாய்ஸ் மெசேஜும் இருக்கு.

வாய்தா_வாங்கி:
அந்த விளம்பரத்தையும் வாய்ஸையும் முதல்ல பேக்கப் எடுங்க நண்பா, போனையும் மாத்தாதீங்க, கேஸே அதுலதான் நிக்குது.

நீங்க தனி ஆள்கிட்ட வாங்கியிருந்தா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது, தன் காரை ஒரு தடவை வித்தவர் வியாபாரி இல்ல, சிவில் கோர்ட்தான், அது எப்ப முடியும்னு சொல்ல வேண்டியதில்ல. இங்க வித்தது கடை, கமிஷனோ லாபமோ அவங்களுக்குத்தான், பணமும் அவங்க அக்கவுண்ட்டுக்குப் போயிருக்கு, அதனால நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ல மாவட்ட ஆணையத்துல போடலாம். ஆர்.சி.ல பேர் இல்லைங்கறதை வச்சு "நாங்க வெறும் புரோக்கர், ஓனரைக் கேளுங்க"ன்னு கட்டாயம் சொல்லுவாங்க, அதனால பழைய ஓனரையும் ரெண்டாவது எதிர்தரப்பா சேர்த்துடுங்க, அவர் உண்மையைச் சொல்லித்தான் கடைல விட்டிருந்தார்னா அவரே உங்க சாட்சி ஆயிடுவார். பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.ல அத்தாரைசேஷன் வாங்கணும், ஓனர் வண்டியை அவங்ககிட்ட ஒப்படைச்சதை ஃபார்ம் 29-C மூலமா தெரிவிக்கணும்னு 2023 ஏப்ரல்ல இருந்து ரூல் இருக்கு, இவங்க அதைப் பண்ணினாங்களான்னு நோட்டீஸ்லயே கேளுங்க.

கோவைக்கு அலைய வேண்டாம், நீங்க குடியிருக்கற ஈரோட்டுலயே போடலாம். நீங்க குடுத்த விலை 50 லட்சத்துக்குள்ளங்கறதால மாவட்ட ஆணையம் போதும், 5 லட்சத்துல இருந்து 10 லட்சம் வரைக்கும் ஃபீஸ் 200 ரூபாய்தான். ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும். அதுக்கு முன்னாடி ஸ்பீட் போஸ்ட்ல ஒரு வக்கீல் நோட்டீஸ், 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல ஒரு புகார், பல பேர் நோட்டீஸ் பார்த்ததும் பேச்சுக்கு வந்துடுவாங்க.

உள்ளது உள்ளபடிங்கற கையெழுத்துக்கு ரொம்பப் பயப்படாதீங்க. தெரிஞ்சே பொய் சொல்லி வித்ததை அந்தப் பேப்பர் காப்பாத்தாது, ஒப்பந்தச் சட்டம் 17வது பிரிவுல அது மோசடிதான். ஆனா 19வது பிரிவுல ஒரு விலக்கு இருக்கு, சாதாரணமா விசாரிச்சிருந்தாலே தெரிஞ்சிருக்கும்னு எதிர்தரப்பு வாதாடுவான். அதுக்குத்தான் "கேரண்டி"ன்னு எழுத்துல வந்த விளம்பரம் முக்கியம், கேட்டதுக்கு பேசாம இருந்தான்னா கதை வேற, இவன் எழுதியே குடுத்திருக்கான். சர்வீஸ் சென்டர் ரெக்கார்டை ஆணையம் மூலமா வரவழைக்க மனு போடலாம், அட்வைசரைக் கெஞ்ச வேண்டாம்.

போலீஸ்ல பி.என்.எஸ். (புது குற்றவியல் சட்டம்) 318ல புகார் குடுக்கலாம், நம்ம பழைய 420தான். பெரும்பாலும் சிவில் மேட்டர்னு சொல்லி அனுப்புவாங்க, புகார் வாங்கினதுக்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கிட்டு வாங்க. முக்கியமா, வண்டில கை வைக்காதீங்க. லைசென்ஸ் உள்ள சர்வேயர் ஒருத்தரை வச்சு போட்டோவோட ரிப்போர்ட் வாங்கினதுக்கப்புறம்தான் ஸ்ட்ரட்டு மாத்தறது எல்லாம். நீங்க சரி பண்ணிட்டா ஆதாரம் போச்சு.

மடிப்பாக்கம்_மழை:
சும்மா ஒரு வரி. எங்க சென்னைல 2015லயும் 2023 டிசம்பர்லயும் தண்ணில நின்ன வண்டிங்க எத்தனையோ வெளி ஜில்லாவுக்குப் போச்சு. பெல்ட் டேக் பார்க்கறப்பவே பெல்ட்டோட அடி நுனில சேத்துக் கறை, சீட் ரயில்ல துரு, டிக்கில ஸ்டெப்னி குழிக்குள்ள மண்ணு இருக்கான்னு ஒரு பார்வை பார்த்துடுங்க.

பொறுமைசாலி:
கோர்ட்டு, சர்வேயர், நோட்டீஸ்... இதுக்கு ஆகற செலவுக்கு ஓ.எல்.எக்ஸ்.ல போட்டு வேற ஒருத்தர் தலைல கட்டிட்டுப் போயிடலாமே ப்ரோ. ஸ்ட்ரட்டு மாத்தினா இழுக்கறதும் நின்னுடும், யாருக்குத் தெரியப் போகுது.

டிங்கர்_சேலம்:
நாளைக்கு அதே டயர் கடைக்குத்தான் அவனும் போவான். நேத்து வரைக்கும் தம்பிக்குத் தெரியாது, இன்னிக்கு தெரியும், தெரிஞ்சு மறைச்சு வித்தா வாய்தா_வாங்கி சொன்ன அந்த 17வது பிரிவு தம்பி மேலதான் பாயும். விக்கறதுன்னா ஏப்ரன் வேலை நடந்த வண்டின்னு சொல்லி வில்லுங்க, விலை நல்லாவே இறங்கும், அந்த நஷ்டத்தைத்தான் கன்சல்டிங்காரன்கிட்ட கேக்கணும்.

ஈரோட்டுக்காரன்:
வித்துத் தள்ளற எண்ணம் இல்லைங்க. இன்னிக்கு சாயங்காலம் கன்சல்டிங்ல இருந்து அவங்களே கூப்பிட்டாங்க, நான் வக்கீலைப் பார்க்கப் போறேன்னு டிரைவர் மூலமா காதுக்குப் போயிருக்கும் போல. பணம் திருப்பித் தர முடியாது, வேணும்னா இதை விட்டுட்டு இன்னொரு வண்டி எடுத்துக்கோங்க, 60,000 மேல போடுங்கங்கறாங்க. ஒத்துக்கலாமா?

வாய்தா_வாங்கி:
மேல போடச் சொன்னா முடியாதுன்னுடுங்க, தப்பு அவங்க பக்கம், வித்தியாசத்தை அவங்கதான் தாங்கணும். எக்ஸ்சேஞ்சுக்கு வர்றாங்கன்னாலே நோட்டீஸ் வேலை செய்யும்னு அர்த்தம், பணத்தைக் கேட்டு நோட்டீஸ் அனுப்புங்க. எக்ஸ்சேஞ்ச்தான் வழின்னு ஆச்சுன்னா புது வண்டியோட பழைய பாலிசி காப்பி, ஓனர் சம்மதத்தோட சர்வீஸ் ரெக்கார்டு பிரிண்ட், ஏப்ரன், மெம்பர், பில்லர் எதுலயும் வேலை நடக்கலைன்னு கடை லெட்டர்பேட்ல சீல் வச்ச எழுத்து, இது மூணும் கைக்கு வந்ததுக்கப்புறம் பலேனோ சாவியைக் குடுங்க.

டிங்கர்_சேலம்:
அந்த வண்டியை லிஃப்ட்ல ஏத்திக் கீழயும் பார்க்கணும் தம்பி, மெம்பர் அடிப்பக்கம்தான் நிறைய தெரியும். சங்ககிரி தாண்டி வர முடிஞ்சா ரெண்டு வண்டியையும் நானே பார்த்துச் சொல்றேன், கிளம்பறதுக்கு முன்னாடி உள் பெட்டில மெசேஜ் போடுங்க, அமாவாசைக்கு மட்டும் கடை லீவு.